வாள் கிடந்தால் ஆண், மணி கிடந்தால் பெண்ணா?

தமிழ்நாடு அரசு தொல்லியல் துறையினருக்கும், அருங்காட்சியகங்களுக்கு விளக்கப் பலகை எழுதுகிறவர்களுக்கும் வணக்கம்.

நான் ஓர் அரசுப் பள்ளியில் சமூக அறிவியல் நடத்தும் ஆசிரியை. கல்லூரியில் படித்த காலத்தில் இரண்டு பருவம் அகழாய்வுக் குழியில் நின்று வேலை பார்த்திருக்கிறேன். சல்லடை பிடித்த கை என்பதால் உங்கள் வேலையின் அருமை எனக்குத் தெரியும். அந்த உரிமையில்தான் இதை எழுதுகிறேன்.

கொந்தகையில் கிடைத்த இரண்டு மண்டையோடுகளுக்கு முகம் கொடுத்து 2025-ல் படம் வெளியானது. மதுரை காமராசர் பல்கலைக்கழகமும் இங்கிலாந்தில் லிவர்பூல் ஜான் மூர்ஸ் பல்கலைக்கழகத்தின் முக ஆய்வகமும் சேர்ந்து செய்த வேலை அது. கீழடி ஆட்களைப் புதைத்த காடு கொந்தகை என்பதால், கீழடிக்காரர்களின் முகத்தையே பார்ப்பதுபோல எனக்கு மனசு நிறைந்துபோனது. படத்தை அச்செடுத்து எட்டாம் வகுப்புச் சுவரில் ஒட்டினேன். பிள்ளைகள் கிட்டப்போய் நின்று பார்த்தார்கள். "எங்க மாமா மாதிரியே இருக்காரு" என்றான் ஒருவன். இரண்டு நாள் கழித்து ஒரு மாணவி வந்தாள். "ரெண்டுமே ஆம்பளை முகமா இருக்கே மிஸ். ஆம்பளைன்னு எப்படிக் கண்டுபிடிச்சாங்க?" என்று கேட்டாள்.

அந்தக் கேள்விக்கு எலும்பை வைத்துப் பதில் சொல்ல முடியும், சொன்னேன். ஆனால் அடுத்த மாதமே வேறொரு பதில் என் பிள்ளைகளின் நோட்டில் ஏறியது. அவர்களை ஓர் அருங்காட்சியகத்துக்குக் கூட்டிக்கொண்டு போயிருந்தோம். ஊர் பெயர் வேண்டாம். அங்கே சுற்றிக் காட்டிய தம்பி ஆர்வமாக, அன்பாகத்தான் பேசினார். தாழிகள் இருந்த கூடத்துக்கு வந்ததும், "இரும்பு வாள் கிடந்தா ஆம்பளை, பாசிமணி கிடந்தா பொம்பளை, அவ்வளவுதான் கணக்கு" என்றார். பிள்ளைகள் குனிந்து எழுதிக்கொண்டார்கள். தம்பிமேல் எனக்குக் கோபம் இல்லை. அவர் காலங்காலமாக எல்லோரும் சொல்லிவந்ததைச் சொன்னார். இந்தக் கணக்கை முடித்துவைக்க உங்களால்தான் முடியும் என்பதால் உங்களிடம் வருகிறேன்.

இதே கணக்கை நம்பிச் சுவீடன் நாட்டுக்காரர்கள் 139 வருடம் ஏமாந்திருந்தார்கள். பிர்கா என்ற தீவு ஊரில் 1878-ல் யால்மர் ஸ்டோல்பே என்பவர் ஒரு கல்லறையைத் திறந்தார். அதற்கு பிஜே 581 என்று எண். உள்ளே ஒரு வாள், கோடரி, ஈட்டி, கவசத்தைத் துளைக்கும் அம்புகள், இரண்டு கேடயங்கள். காலடியில் இரண்டு குதிரைகள், ஒன்று ஆண் ஒன்று பெண். பக்கத்தில் ஒரு முழு ஆட்டத்துக்கான காய்கள். பத்தாம் நூற்றாண்டு வைக்கிங் போர்வீரனின் கல்லறைக்கு இதைவிட நல்ல உதாரணம் கிடையாது என்று புத்தகம் புத்தகமாக எழுதினார்கள். நடுவில் 1970-களில் எலும்பைப் பார்த்த ஒருவர், இது பெண் எலும்பு மாதிரி இருக்கிறதே என்று குறித்துவைத்தார். யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. கடைசியில் 2017-ல் மரபணு பார்த்தார்கள். ஆண்களிடம் இருக்கும் ஒய் குரோமோசோம் இல்லை. பெண்.

அதற்கப்புறம் நடந்ததுதான் எனக்குப் பெரிய பாடம். எலும்பு பெட்டி மாறிப்போயிருக்குமோ? உள்ளே இன்னொருவர் இருந்து அவர் எலும்பு மட்டும் காணாமல் போயிருக்குமோ? ஆயுதமெல்லாம் அவளுடைய புருஷனுடையதோ, அப்பாவுடையதோ? இப்படி அடுக்கடுக்காகக் கேள்விகள் வந்தன. 2019-ல் அந்த ஆய்வாளர்கள் பொறுமையாகப் பதில் எழுதினார்கள். கேள்விகள் தப்பில்லை, நல்ல கேள்விகள்தான். ஆனால் உள்ளே இருப்பவர் ஆண் என்று எல்லோரும் நம்பிய காலத்தில் இவற்றில் ஒன்றுகூட எழவில்லை. வாளுக்குப் பக்கத்தில் ஆண் கிடந்தால் வாள் அவனுடையது. பெண் கிடந்தால் வாள் யாருடையது என்று விசாரணை.

சரி, மரபணு வந்துவிட்டது, இனிமேல் எல்லாம் தெரிந்துவிடும் என்று நினைக்கிறோம். அதுவும் முழு உண்மை இல்லை. எக்ஸ், ஒய் என்பது உடம்பைப் பற்றிய தகவல். அந்த மனுஷி உயிரோடு இருந்தபோது ஊரார் அவளை எப்படிப் பார்த்தார்கள், அவள் தன்னை எப்படி நினைத்துக்கொண்டாள், என்ன உடுத்தினாள், என்ன வேலை செய்தாள் என்பதெல்லாம் வேறு தகவல். இவை போக மூன்றாவதாக ஒன்றும் இருக்கிறது. குழிக்குள் பொருள் வைத்தவர்கள் உயிரோடு இருந்தவர்கள். அவர்களுக்கு ஒரு துக்கம், ஒரு கடமை, ஒரு கௌரவம், ஒரு பயம் இருந்திருக்கும். நம் வீட்டிலேயே பார்க்கிறோமே, தாத்தா வாழ்நாளில் பட்டுவேட்டி கட்டியே இருக்க மாட்டார்; கடைசிப் பயணத்துக்குக் கட்டிவிடுவார்கள். ஆயிரம் வருடம் கழித்து ஒருவர் தோண்டி, இவர் பட்டு உடுத்தும் பெருந்தனக்காரர் என்று எழுதினால் எப்படி இருக்கும்? உடம்பு ஒன்று, வாழ்ந்த வாழ்க்கை ஒன்று, புதைத்தவர்கள் சொல்ல நினைத்தது ஒன்று. இந்த மூன்றையும் ஒரே வரியில் "ஆண்" என்றோ "பெண்" என்றோ பலகையில் போடும்போது இவற்றில் எதைச் சொல்கிறோம் என்று படிக்கிறவருக்குத் தெரிவதில்லை.

எலும்பு எப்படிப் பேசுகிறது என்பதை அந்த மாணவிக்குச் சொன்னபடியே இங்கேயும் சொல்கிறேன். முதல் சாட்சி இடுப்பெலும்பு. பிரசவத்துக்கு வழிவிட வேண்டும் என்பதால் அது பெண்ணுக்கு அகன்றிருக்கும். இடுப்பெலும்பின் பின்பக்கம் ஒரு வளைந்த பள்ளம் உண்டு. எனக்குச் சொல்லித்தந்தவர் அதில் கட்டைவிரலை வைக்கச் சொன்னார். விரல் தாராளமாக அப்படியும் இப்படியும் அசைந்தால் பெண் பக்கம், இறுக்கமாக நின்றால் ஆண் பக்கம். மண்டையோட்டில் புருவமேடு, காதுக்குப் பின்னால் இருக்கும் முண்டு, தாடை என்று பார்ப்பார்கள். ஆனால் மனிதர்கள் இரண்டு அச்சில் வார்த்த செங்கல் இல்லை. அதனால் எலும்பு பார்க்கிறவர்கள் ஒன்றிலிருந்து ஐந்து வரை எண் போடுகிறார்கள். 1 என்றால் பெண், 2 என்றால் பெண்ணாக இருக்கலாம், 3 என்றால் சொல்ல முடியாது, 4 என்றால் ஆணாக இருக்கலாம், 5 என்றால் ஆண். குழந்தை எலும்பாக இருந்தால் இந்த வழியில் ஒன்றுமே சொல்ல முடியாது, ஏனென்றால் இந்த வேறுபாடுகள் பருவம் வந்த பிறகுதான் தெளிவாகத் தெரியும்.

இப்போது யோசித்துப் பாருங்கள். ஆய்வுக்கூடத்துத் தாளில் "ஆணாக இருக்கலாம்" என்று இருக்கும். அறிக்கையில் அது "ஆண்" ஆகும். பலகைக்கு வரும்போது "வீரன்" ஆகும். வழிகாட்டி வாயில் "தலைவன்" ஆகும். நடுவில் காணாமல் போனது ஒரே ஒரு சொல், "இருக்கலாம்". நான் கேட்பதெல்லாம் அந்தச் சொல்லைத் திருப்பிக் கொடுங்கள் என்பதுதான்.

நம் ஊர் எலும்புகளின் நிலைமை இன்னும் சிக்கலானது என்பது எனக்குத் தெரியும். ஆதிச்சநல்லூரோ கொந்தகையோ, முதுமக்கள் தாழியில் எல்லா நேரமும் முழு உடம்பு இருப்பதில்லை. வேறெங்கோ கிடத்தி, பிறகு எலும்பைப் பொறுக்கிக் கொண்டுவந்து தாழியில் வைத்திருப்பார்கள். ஒரே தாழியில் ஒருவருக்கு மேற்பட்டவரின் எலும்பு கலந்து கிடக்கும். தாழி அகலமாக வேண்டும் என்று கேட்ட குரலே நம்மிடம் இருக்கிறதே. புறநானூற்றின் 256-ஆம் பாட்டில் கணவனை இழந்த ஒருத்தி குயவனைக் கூப்பிட்டு, வண்டிச் சக்கரத்து ஆரக்காலில் ஒட்டிக்கொண்ட சின்னப் பல்லிபோல அவனோடு பல காட்டுவழி கடந்து வந்தவள் நான், எனக்கும் இடம் இருக்கும்படி அந்த ஈமத்தாழியை அகலமாக வனைந்துகொடு என்று கெஞ்சுகிறாள். அவள் கேட்டபடி ஒரு தாழி வனையப்பட்டிருந்து, அது நம் குழியில் கிடைத்தால், உள்ளே கிடக்கும் வாளையும் வளையலையும் யாருக்கு எது என்று எப்படிப் பிரிப்போம்?

மண்ணும் நமக்கு எதிரி. ஒரு பருவத்தில் நாங்கள் திறந்த தாழியின் அடியில் இருந்த எலும்பு, தூரிகை பட்டதும் பிஸ்கட் தூள் மாதிரி உதிர்ந்தது. இடுப்பெலும்பு என்று சொல்லிக்கொள்ள ஒன்றுமே மிஞ்சவில்லை. ஆனால் மணிகள் மட்டும் நேற்றுச் செய்ததுபோலக் கிடந்தன. எலும்பு போய் மணி மிஞ்சும்போது மணியைக் கேட்கத் தோன்றுவது இயல்பு. நானும் அன்றைக்கு, "பொண்ணா இருக்கும்" என்றுதான் நினைத்தேன். அப்படி நினைக்க எனக்கு இருந்த ஆதாரம் என் கழுத்தில் நானே போட்டிருந்த மணி மட்டுமே.

கொடுமணலில் ஒரே ஈமச்சின்னத்தில் இரண்டாயிரத்துக்கும் மேலான சூதுபவள மணிகள் கிடைத்திருக்கின்றன. கொடுமணல் மணி செய்த ஊர். கல்லை வாங்கி, அறுத்து, துளையிட்டு, மெருகேற்றி விற்ற ஊர். அப்படிப்பட்ட ஊரில் இரண்டாயிரம் மணி என்றால் அது நகையா, சரக்கா, அந்தத் தொழிலின் அடையாளமா, இறந்தவருக்கு ஊர் செய்த மரியாதையா? இத்தனை கேள்விகளையும் "பெண்" என்ற ஒரு சொல் மூடிவிடுகிறது. ஆதிச்சநல்லூரில் அலெக்சாண்டர் ரீ எடுத்த பொன் நெற்றிப்பட்டங்களும் அப்படித்தான். நெற்றியில் கட்டிக்கொண்டவர் யார்? இன்றைய கல்யாண வீட்டை மனசில் வைத்துப் பார்த்தால் மணப்பெண் தெரிவாள். இன்னொருவர் பார்த்தால் குறுநில மன்னன் தெரிவான். பட்டம் மட்டும் இருந்த இடத்தில் அப்படியே இருக்கிறது.

வெளிநாட்டில் இதே தடுமாற்றத்துக்குப் பழைய உதாரணம் வேல்ஸில் பேவிலண்ட் குகை. 1823-ல் வில்லியம் பக்லண்ட் அங்கே செங்காவி பூசிய ஓர் எலும்புக்கூட்டை எடுத்தார். தந்தத்தால் செய்த பொருள்களும் சிப்பிகளும் கூட இருந்ததால், ரோமானியர் காலத்துப் பெண் என்று முடிவு கட்டினார். "செந்நிறப் பெண்மணி" என்றே பேர் விழுந்தது. உண்மையில் அது ஓர் இளைஞன். வயதோ 30,000 வருடத்துக்கு மேல். இன்றைக்கும் அவனை அந்தப் பெண் பேரில்தான் கூப்பிடுகிறார்கள். பலகையில் ஒருமுறை ஏறிய பேர் எப்படி ஒட்டிக்கொள்கிறது பாருங்கள். மொகஞ்சதாரோவில் 1926-ல் கிடைத்த பத்தரை சென்டிமீட்டர் வெண்கலச் சிலை டெல்லி தேசிய அருங்காட்சியகத்தில் இருக்கிறது. இடுப்பில் கைவைத்து, நிமிர்ந்து நிற்கிற ஒரு பெண். அவள் ஆடுகிறாள் என்பதற்கு அந்தச் சிலையில் ஒன்றும் இல்லை. ஆனால் பாடப்புத்தகத்தில் "நடன மங்கை" என்று அச்சாகி, நானே அதைத்தான் மதிப்பெண்ணுக்குத் திருத்துகிறேன். அந்த விடைத்தாள்களைத் திருத்தும்போது எனக்குக் கூச்சமாக இருக்கிறது.

இத்தாலியில் மொதேனாவில் 2009-ல் கைகோத்தபடி புதைக்கப்பட்ட இருவர் கிடைத்தார்கள். உடனே "காதலர்கள்" என்று உலகம் முழுக்கச் செய்தி. 2019-ல் பல்லின் எனாமலில் உள்ள புரதத்தைப் பார்த்ததில் இருவருமே ஆண்கள். அந்த நிமிஷமே பேச்சு மாறியது: சகோதரர்களோ, ஒன்றுவிட்ட சகோதரர்களோ, சேர்ந்து போரிட்டவர்களோ என்று. கை அப்படியேதான் கோத்திருந்தது. பொம்பேயில் தங்க வளையல் போட்ட ஒருவர் மடியில் குழந்தையோடு கிடந்தார். தாயும் பிள்ளையும் என்று பல தலைமுறை கண்ணீர் விட்டது. 2024-ல் மரபணு முடிவு வந்தது. அவர் ஆண், குழந்தைக்கு உறவும் இல்லை. எரிமலை சாம்பல் கொட்டும் நேரத்தில் உறவில்லாத ஒரு குழந்தையை அணைத்துக்கொண்ட ஒரு மனிதர். பழைய கதையைவிட எனக்கு இதுதான் நெஞ்சை அடைக்கிறது. தெரியாததைத் தெரியாது என்று விட்டுவைத்திருந்தால், அவர் இத்தனை வருடம் இன்னொருவராக வாழ வேண்டியிருந்திருக்காது.

இரண்டு கட்டத்துக்குள் அடங்காதவர்களும் இருக்கிறார்கள். ஃபின்லாந்தில் ஹத்துலாவில் 1968-ல் குழாய் பதிக்கத் தோண்டியபோது ஒரு கல்லறை கிடைத்தது. பெண் உடை, உடையில் குத்தும் பெண்களுக்கான ஊசிகள், கூடவே வாள். ஆணும் பெண்ணுமாக இருவரைப் புதைத்திருப்பார்கள் என்றுகூடச் சொல்லிப் பார்த்தார்கள். இருந்ததோ ஒரே ஆள். 2021-ல் கொஞ்சமே கிடைத்த மரபணுவைப் பார்த்தவர்கள், இவருக்கு வழக்கமான எக்ஸ்-எக்ஸ், எக்ஸ்-ஒய் இரண்டிலும் சேராத எக்ஸ்-எக்ஸ்-ஒய் அமைப்பு இருந்திருக்கக்கூடும் என்றார்கள். இறகுப் படுக்கை, ரோமம், விலை உயர்ந்த துணி என்று மரியாதையாகவே புதைத்திருக்கிறார்கள். ஒதுக்கிவைத்தவருக்கு யாரும் அப்படிச் செய்ய மாட்டார்கள்.

இதை வாசித்தபோது எனக்குத் தொல்காப்பியம்தான் நினைவுக்கு வந்தது. சொல்லதிகாரத்தின் தொடக்கத்திலேயே, பெண்மை சுட்டிய, ஆண்மை திரிந்த பெயர்களுக்கு, அதாவது ஆண்தன்மை மாறிப் பெண்மை நாடியவர்களின் பெயர்களுக்கு, எந்த வினைமுடிவு வரும் என்று தொல்காப்பியர் இலக்கணம் சொல்லிவிட்டுத்தான் மேலே போகிறார். இலக்கணக்காரர் கவனிக்கும் அளவுக்கு அந்த மனிதர்கள் கண்முன்னே நடமாடியிருக்கிறார்கள். திருநங்கை என்று மரியாதையான சொல் புழங்கும் ஊர் நம்முடையது. ஆனால் நம் அகழாய்வுப் பலகைகளில் பழந்தமிழ்நாட்டில் ஆணும் பெண்ணும் மட்டுமே இருந்ததுபோலத்தான் தெரிகிறது. ஏதோ ஓர் எலும்புக்கூட்டைத் திருநங்கை என்று எழுதுங்கள் என்று நான் சொல்லவில்லை; ஆதாரம் இல்லாமல் அதைச் சொல்வதும் அதே தவறுதான். இடம் விட்டுவையுங்கள் என்கிறேன்.

அப்படி இடம் விட நம் மொழியிலேயே வழி இருக்கிறது. "வாழ்ந்தான்" என்றால் ஆண், "வாழ்ந்தாள்" என்றால் பெண். "இவர் வாழ்ந்தார்" என்று எழுதினால் மரியாதையும் ஆச்சு, தெரியாததைத் தெரிந்ததாகச் சொன்ன பாவமும் இல்லை. "முதுமக்கள் தாழி" என்ற சொல்லிலேயே ஆணும் இல்லை, பெண்ணும் இல்லை, மக்கள்தான். இருபது வார்த்தைப் பலகையில் இதற்குக் கூடுதலாக ஓர் எழுத்துகூட வேண்டியதில்லை.

பொருளை வைத்து ஆளைச் சொல்லவே கூடாது என்றும் நான் வாதாடவில்லை. கீழடியில் கிடைத்த தக்களிகளை எடுத்துக்கொள்வோம். நூல் நூற்றது பெண்கள் என்று சொல்ல ஆதாரம் இருக்கிறது. புறநானூறு "பருத்திப் பெண்டு" என்றே சொல்கிறது, சின்ன விளக்கொளியில் ராத்திரி பருத்தி வேலைக்கு எழுந்தவளைக் காட்டுகிறது. ஆனால் அந்த ஆதாரம் பாட்டில் இருக்கிறது, தக்களியில் இல்லை. பலகையில் "பெண்கள் நூல் நூற்றார்கள் என்று சங்கப் பாடல்கள் சொல்கின்றன" என்று எழுதினால் உண்மை. "பெண்கள் பயன்படுத்திய தக்களி" என்று எழுதினால், இந்த ஒரு தக்களியைச் சுழற்றிய கையை நாம் பார்த்ததாக ஆகிவிடும். பானைக்கும் இதே கதைதான். பானை என்றால் அடுப்படி, அடுப்படி என்றால் பெண் என்று மனசு ஓடும். ஆனால் கீழடிப் பானை ஓட்டில் கீறியிருக்கும் பேர்கள் ஆதன், குவிரன். அதேபோல, பானை வனைந்தவர் என்றதும் ஆணைத்தான் நினைப்போம்; வெண்ணிக் குயத்தியார் என்று புலவர் ஒருவர் சங்கப் பாட்டில் இருக்கிறார். குயத்தி என்றால் குயவர் குலப் பெண். கரிகாலனைப் பார்த்து, உன்னைவிட உன்னிடம் தோற்று வடக்கிருந்தவன் நல்லவன் என்று சொன்ன நெஞ்சுரம் அவருக்கு இருந்தது.

நான் வேலை பார்த்த குழியில் மண் அள்ளியவர்களில் பாதிக்கு மேல் பக்கத்து ஊர்ப் பெண்கள்தான். ஒருநாள் வட்டமாகத் தேய்த்த பானைச் சில்லு ஒன்று சல்லடையில் நின்றது. விளையாட்டுச் சில்லு என்று நாங்கள் பையில் போட்டு எண் எழுதப் போனோம். பக்கத்தில் கூடையோடு நின்ற அக்கா அதை வாங்கி விரலால் தடவினார். "ஒரு பக்கம்தாம்மா வழவழன்னு இருக்கு. எங்க ஆத்தா பானை வழிக்க இப்பிடித்தான் ஒரு ஓடு வச்சிருக்கும்" என்றார். அது பானை வழிக்கும் ஓடா, ஆட்டச் சில்லா என்று எங்களால் முடிவு செய்ய முடியவில்லை. ஆனால் எங்கள் கண்ணுக்கு ஒரு வழிதான் தெரிந்தது. அவருக்கு இரண்டு தெரிந்தது. யார் பார்க்கிறார்கள் என்பதைப் பொறுத்து என்ன தெரிகிறது என்பதும் மாறுகிறது. 1984-ல் மார்கரெட் கான்கி, ஜேனட் ஸ்பெக்டர் என்ற இரண்டு அமெரிக்க ஆய்வாளர்கள் இதைத்தான் பெரிய கட்டுரையாக எழுதித் தொல்லியல் உலகத்தையே உலுக்கினார்கள்: உங்கள் வீட்டுப் பழக்கத்தை எடுத்துக்கொண்டுபோய்ப் பழங்காலத்தின்மேல் போர்த்தாதீர்கள் என்று.

உடம்பே வாழ்க்கையைச் சொல்லும் இடங்களும் உண்டு. எனக்கு மிகப் பிடித்தது ஜெர்மனியில் டால்ஹைம் மடத்துக் கன்னியாஸ்திரி. தொள்ளாயிரம், ஆயிரம் வருடத்துக்கு முன் இறந்தவர், நாற்பத்தைந்துக்கு மேல் வயது. பேர் தெரியாது, கல்லறையில் பொருளும் இல்லை. பல்லில் படிந்த காரையை நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தவர்களுக்கு நீலநிறத் துகள்கள் தெரிந்தன. ஆப்கானிஸ்தான் மலையில் மட்டுமே அன்றைக்குக் கிடைத்த நீலக்கல்லின் பொடி அது; தங்கத்துக்குச் சமமான விலை. சுவடிக்கு வண்ணம் தீட்டும்போது தூரிகை நுனியைக் கூராக்க நாக்கில் வைத்து வைத்து எடுத்ததில் பல்லில் தங்கியிருக்க வேண்டும் என்கிறார்கள். 2019-ல் வந்த ஆய்வு. சுவடி எழுதியதெல்லாம் ஆண் துறவிகள் என்று நம்பியிருந்த காலத்துக்கு, ஒரு பல் பதில் சொன்னது. துருக்கியில் சாத்தல்ஹோயுக் என்ற கற்கால ஊரில் விலா எலும்புகளின் உள்பக்கம் படிந்த புகைக்கரியைப் பார்த்தார்கள். ஆண், பெண் இருவரிடமும் ஒரே அளவு. அடுப்புப் புகையை இருவரும் சமமாகத்தான் சுவாசித்திருக்கிறார்கள்.

பல் என்றதும் என் முக்கியமான வேண்டுகோளுக்கு வருகிறேன். நம் வெயிலில் மரபணு தாங்காது. ஹரியானாவில் இருக்கும் சிந்துவெளி ஊரான ராக்கிகடியில் அறுபதுக்கும் மேற்பட்ட மாதிரிகளில் ஒன்றே ஒன்றுதான் பயன்பட்டது. ஆனால் எனாமல் எலும்பைவிடப் பல மடங்கு உறுதியானது. அதில் அமெலோஜெனின் என்ற புரதம் இருக்கிறது. எக்ஸ் குரோமோசோமிலிருந்து வருவது ஒரு வகை, ஒய்யிலிருந்து வருவது இன்னொரு வகை. 2017-லிருந்து இந்தச் சோதனை நடைமுறையில் இருக்கிறது. சின்னக் குழந்தையின் பல்லிலும் செய்யலாம் என்பதுதான் இதன் பெரிய பலம். இந்த வழியில்தான் 2020-ல் பெருவின் மலைமேல் ஒன்பதாயிரம் வருடத்துக்கு முன் வேட்டைக் கருவிகளோடு புதைக்கப்பட்டவர் பதினேழிலிருந்து பத்தொன்பது வயதுக்குள் இருந்த பெண் என்று தெரிந்தது. ஸ்பெயினில் வலென்சினாவில் யானைத் தந்தத்தோடு 2008-ல் கிடைத்த பெரிய மனிதர் பதினைந்து வருடம் ஆணாக இருந்து 2023-ல் பெண்ணானதும் இப்படித்தான். கொந்தகையிலும் ஆதிச்சநல்லூரிலும் எடுத்துப் பெட்டியில் வைத்திருக்கும் பற்களில் இந்தச் சோதனையைச் செய்ய வேண்டும். ஒய் வகை தெரிந்தால் ஆண் என்று உறுதியாகும். தெரியாமல் போனால் பெண்ணாக இருக்கும், அல்லது புரதம் சிதைந்திருக்கும். அங்கேயும் அந்த "இருக்கலாம்" தேவைப்படும்.

இதெல்லாம் எதற்கு இவ்வளவு அவசரம் என்று கேட்பீர்கள். கீழடி அருங்காட்சியகம் 2023-ல் திறந்ததிலிருந்து பள்ளிக்கூடப் பேருந்துகள் வந்தபடியே இருக்கின்றன. என் மாணவிகளில் பலர் வீட்டில், இது ஆம்பளை வேலை, இது பொம்பளை வேலை, ஆதியிலிருந்தே இப்படித்தான் என்று கேட்டு வளர்கிறார்கள். அந்த "ஆதி"யைப் பார்க்கத்தான் உங்களிடம் கூட்டிவருகிறேன். அங்கே கண்ணாடிக்குப் பின்னால் அதே பேச்சு அரசு முத்திரையோடு எழுதியிருந்தால், அதற்கப்புறம் நான் வகுப்பில் என்ன சொன்னாலும் எடுபடாது. அதே கண்ணாடிக்குப் பின்னால், "இவருடைய எலும்பு சிதைந்திருந்ததால் ஆணா பெண்ணா என்று தெரியவில்லை, மணிகளும் இரும்புக் கத்தியும் உடன் இருந்தன" என்று இருந்தால், திரும்பும் வழி முழுக்கப் பேருந்தில் அதைப் பற்றித்தான் பேச்சாக இருக்கும். எனக்குப் பிள்ளைகளைத் தெரியும்.

செலவு பெரிதாக ஒன்றும் இல்லை. குழிப் பதிவேட்டில் "பால்" என்று ஒரு கட்டம் போடுகிறீர்களே, அதற்குப் பக்கத்தில் "எதை வைத்து" என்று இன்னொரு கட்டம் போடுங்கள். இடுப்பெலும்பு, மண்டையோடு, பல், மரபணு, பொருள்கள், தெரியவில்லை: எதுவோ அதை அங்கே எழுதச் சொல்லுங்கள். அந்தக் கட்டத்தில் இருப்பதை அப்படியே பலகைக்கும் கொண்டுவாருங்கள். வழிகாட்டிகளுக்கு ஒருநாள் பயிற்சி வைத்தால், அந்த இடுப்பெலும்பு வளைவில் கட்டைவிரல் வைத்துப் பார்க்க அவர்களுக்கும் ஒரு வாய்ப்புக் கொடுங்கள். மாதிரி எலும்பு போதும். அப்படி ஒரு மாதிரியைப் பிள்ளைகள் தொடும்படி கூடத்திலும் வைத்தால், நான் என் எட்டாம் வகுப்பை அடுத்த பருவமே மறுபடி கூட்டிக்கொண்டு வருகிறேன்.

அன்புடன்,
ஓர் அரசுப் பள்ளி ஆசிரியை